தடைக்காலம் வரட்டும், 18க்கு மாறிக்கலாம்

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 18ஆம் பதிப்பு வெளியானது 2025 செப்டம்பர் 25இல். அன்றிலிருந்து சென்னையில் என்னோடு வேலை பார்த்தவர்கள் போன் பண்ணும்போதெல்லாம் "மாறியாச்சா?" என்று கேட்கிறார்கள். "இல்லப்பா, இன்னும் 17தான்" என்றால் எதிர்முனையில் ஒரு "ஓ" மட்டும் வரும். அந்த "ஓ"வுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: ஏப்ரல் 15 வரட்டும்.

பாம்பன், மண்டபம் பக்கம் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் தொழிலுக்குப் போகாது. நான் மருமகளாக வந்த வீட்டில் மாமா நடத்துவது கணவாயும் நண்டும் வாங்கும் கம்பெனி. ஒரு தகரக் கொட்டகை, எலக்ட்ரானிக் தராசு, ஐஸ் பெட்டிகள், மூலையில் ஒரு மேசை, மேசைக்கு அடியில் யுபிஎஸ். இவ்வளவுதான் கம்பெனி. இந்தப் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரை திரும்பும். அந்தக் காலைகளில் எடை, விலை, பில் எல்லாம் இருக்கும் டேட்டாபேஸ் பத்து நிமிடம் படுத்தாலும் போச்சு. கணவாய் வெயிலில் காத்திருக்காது, படகுக்காரரும் காத்திருக்க மாட்டார், பக்கத்துக் கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார். தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீன் மட்டும் கொஞ்சம் வரும். அதை நோட்டில் எழுதிக்கொண்டு, சர்வரைப் பிரித்து மேய எனக்கு வேண்டிய நேரம் கிடைக்கும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், போஸ்ட்கிரெஸ்காரர்களின் காலண்டரும் இதோடு ஒத்துப்போவது. அவர்களுக்கு வருடத்தில் ஐந்து கமிட்ஃபெஸ்ட்: ஜூலை, செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச். யார் யாரோ எழுதி அனுப்பிய பேட்ச்களை, அதாவது கோட் திருத்தங்களை, வரிசையில் வைத்து, ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து, கேள்வி கேட்டு, திருப்பி அனுப்பும் மாதங்கள் இவை. மார்ச் முடிந்து ஏப்ரல் தொடக்கத்தில் ஃபீச்சர் ஃப்ரீஸ். 17க்கும் சரி, 18க்கும் சரி, ஏப்ரல் 8இல் கதவைச் சாத்தினார்கள். அதற்கப்புறம் புதுசாக எதையும் உள்ளே விடுவதில்லை. சேர்த்ததைச் சோதிக்கலாம், ஓட்டை இருந்தால் அடைக்கலாம், தேறாததை வெளியே எடுக்கலாம். அதே வாரங்களில் எங்கள் ஊரில் படகைக் கரையேற்றி, கெட்டுப்போன பலகையை மாற்றி, பலகை இடுக்கை அடைக்கும் கலப்பத்து அடித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு பேருக்கும் அது பழுதுபார்க்கும் பருவம்.

மே மாதத்தில் முதல் பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு, வரும். செப்டம்பர் வாக்கில் முழுப் பதிப்பு. நவம்பர், பிப்ரவரி, மே, ஆகஸ்ட் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை சின்னத் திருத்தப் பதிப்புகள். செப்டம்பரில் வந்த பதிப்பு எங்கள் தடைக்காலத்துக்குள் இரண்டு திருத்தம் பார்த்துவிட்டிருக்கும். எனக்கு அது போதும். முதல் திருத்தம்கூடச் சில நேரம் காலை வாரும். 2024 நவம்பர் 14இல் வந்த 17.1இல் உள்ளே ஒரு ஸ்ட்ரக்சரின் (தரவை அடுக்கும் அமைப்பின்) அளவு மாறிவிட்டது. பழைய அளவை நம்பி கம்பைல் ஆகியிருந்த சில எக்ஸ்டென்ஷன்கள் (கூடுதல் வசதி தரும் இணைப்புகள்) ஆடிப்போயின. ஒரே வாரத்தில், 21ஆம் தேதி, 17.2 விட்டுச் சரிசெய்தார்கள். அவ்வளவு சீக்கிரம் சரிசெய்தது பெரிய விஷயம்தான். ஆனாலும் அந்த வாரத்தில் எங்கள் கொட்டகை மாட்டிக்கொண்டிருக்க வேண்டுமா? அதனால்தான் பொறுத்திருக்கிறேன்.

என் லேப்டாப்பில் 18 ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. போன சீசனின் தரவை முழுசாக ஏற்றிப் பார்த்தாயிற்று. அதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ஒரே ஒரு விஷயம். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கணவாய் விலையை நாங்கள் வைப்பதில்லை, எங்களிடம் வாங்கும் ஏற்றுமதிக்காரர்கள் சொல்வதுதான் விலை. ஊசிக்கணவாய், ஓட்டுக்கணவாய், அதில் பெருசு, நடுத்தரம், பொடி. ஒவ்வொரு ரகத்துக்கும் இந்த நாளில் இருந்து இந்த நாள் வரை இந்த விலை. சில சமயம் நாலு நாளில் மாறும், சில சமயம் மாதம் முழுக்க அசையாது. பழைய விலையை முடித்துவைக்காமல் புது விலையை ஏற்றிவிட்டால், இரண்டு விலையும் ஒரே நாளில் உயிரோடு இருக்கும். பில் போடும்போது ஒரு பெட்டிக்கு இரண்டு வரி வந்து நிற்கும். பிறகு கொட்டகையில் சத்தம் கேட்கும், அந்தச் சத்தம் பாலம் வரைக்கும் போகும்.

ஆகவே விலை டேபிளில் மூன்றே விஷயம்: ரகம், காலம், விலை. காலம் என்பது டேட்ரேஞ்ச், ஒரு நாளில் இருந்து இன்னொரு நாள் வரையிலான இடைவெளி. தொடக்க நாள் சேர்த்தி, முடிவு நாள் சேராது. இதைக் கணக்கப்பிள்ளை அண்ணனுக்குப் புரியவைத்தது தனிக்கதை.

"அஞ்சாம் தேதி வரைக்கும் பழைய விலை. அஞ்சாம் தேதியில இருந்து புது விலை. இதுல என்னத்தா குழப்பம்?" என்றார்.

"அஞ்சாம் தேதிக் கணவாய்க்கு எந்த விலைண்ணே?"

"அது... காலையில வந்தா பழசு, உச்சிக்கு மேல வந்தா புதுசு."

இதற்குப் பதில் சொல்ல மாமா வர வேண்டியிருந்தது. "அஞ்சாம் தேதி புதுசுதான், எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டு ஐஸ் வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். டேட்ரேஞ்ச் சொல்வதும் அதையேதான்.

ஒரே ரகத்துக்கு இரண்டு காலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது என்ற கட்டுப்பாட்டை இப்போதும் போடலாம். 2010இல் வந்த 9.0இலேயே எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் இருக்கிறது, எங்கள் 17இல் அதுதான் காவல். ஆனால் அது ஒவ்வொரு வரிக்கும் தனி அடையாளமான பிரைமரி கீ கிடையாது, அதை நம்பி இன்னொரு டேபிள் அந்த வரியைச் சுட்டும் ஃபாரின் கீ வைக்க முடியாது. 18இல் பிரைமரி கீயிலேயே 'வித்அவுட் ஓவர்லேப்ஸ்' (ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல்) என்று எழுதலாம். ஃபாரின் கீயில் 'பீரியட்' என்று போட்டால், ஒரு படகுக்குக் கிலோவுக்கு இவ்வளவு கூடுதல் என்று ஒத்துக்கொண்ட காலம் முழுக்க அந்த ரகத்துக்கு விலை இருக்கிறதா என்று டேட்டாபேஸே பார்த்துக்கொள்ளும். அந்தக் காலத்துக்குள் விலை மூன்று முறை மாறியிருந்தாலும், இடையில் ஒரு நாள்கூட ஓட்டை இல்லாமல் மூடியிருக்கிறதா என்பதுதான் கணக்கு. இதற்காக நான் எழுதி வைத்திருந்த, தரவு மாறும்போது தானாக ஓடும் ட்ரிக்கர் ஒரு பக்கம் நீளும். இனி அது தேவையில்லை. ரகம் மாதிரி சாதாரண நெடுவரிசையும் கூடச் சேர்ந்து வருவதால், அதையும் இந்தச் சோதனையில் சேர்க்கும் பிட்ரீ-ஜிஸ்ட் எக்ஸ்டென்ஷனை மறக்காமல் போட வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வசதி 17இலேயே வந்திருக்க வேண்டியது. பால் ஜங்வர்த் என்பவர் வருடக்கணக்காக இழுத்துப் பிடித்து எழுதிய வேலை. கோட் சேர்க்கும் உரிமை உள்ள பீட்டர் ஐசென்ட்ராட் 2024 ஜனவரியில் அதை உள்ளே சேர்க்கத் தொடங்கினார். மே மாதம், முதல் பீட்டாவுக்கு முன்னால், அப்படியே பிடுங்கி வெளியே எடுத்துவிட்டார்கள். காரணம் ஒரு வெற்று ரேஞ்ச்.

தொடக்கமும் முடிவும் ஒரே நாளாக இருந்தால், முடிவு நாள் சேராது என்பதால், அந்த ரேஞ்சுக்குள் ஒரு நாள்கூட இல்லை. அது வெற்று. வெற்று ரேஞ்ச் எதன் மேலும் ஏறாது, தன்னைப் போலவே இருக்கும் இன்னொரு வெற்று ரேஞ்ச் மேலும் ஏறாது. அப்படியானால் ஒரே ரகம், ஒரே வெற்றுக் காலம் என்று எத்தனை வரி வேண்டுமானாலும் பிரைமரி கீக்குள் நுழைந்துவிடலாம். ஒன்றுக்கு மேல் இருக்கவே கூடாது என்பதற்குத்தானே பிரைமரி கீ? யாருக்கு இப்படி வெற்று ரேஞ்ச் வரப் போகிறது, விட்டுவிடலாம் என்று யாராவது சொல்லியிருக்கலாம். எங்களுக்கு வரும். காலையில் ஒரு விலை சொல்வார்கள், ஏற்றுவோம். மதியம் "அந்த விலை கேன்சல், பழசே ஓடட்டும்" என்று போன் வரும். ஐந்தாம் தேதி தொடங்கிய விலையை ஐந்தாம் தேதியிலேயே முடித்தால் அதுதான் வெற்று ரேஞ்ச். எங்கள் கொட்டகையில் இது சாதாரணம். 17இன் எக்ஸ்க்ளூஷன் முறையில் இதைத் தடுக்கத் தனியாக ஒரு செக் போட வேண்டும், போட்டு வைத்திருக்கிறேன். 18இல் வெற்று ரேஞ்சைக் கொடுத்தால் டேட்டாபேஸே முகத்தில் அடித்த மாதிரி பிழை காட்டித் திருப்பி அனுப்புகிறது. லேப்டாப்பில் கொடுத்துப் பார்த்தேன்.

ஒரு வருடம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, ஓட்டையோடு கடலில் இறக்க மாட்டோம் என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். நான் சென்னையில் பார்த்த வேலைகளில் இது நடந்து பார்த்ததில்லை. அங்கே தேதி சொல்லிவிட்டால் சொன்னதுதான், ஓட்டையை அடுத்த மாதம் அடைத்துக்கொள்ளலாம் என்பார்கள். போஸ்ட்கிரெஸில் இது ஒரு தடவை நடந்த அதிசயமும் இல்லை. ஜேசன் வடிவத் தரவை டேபிளாகக் காட்டும் ஜேசன் டேபிள் வசதி 15இன் பீட்டா வரைக்கும் வந்தது, 2022இல் வெளியீட்டுக்கு முன்னால் எடுத்துவிட்டார்கள். திரும்ப வந்து சேர்ந்தது 2024 செப்டம்பரில், 17இல். 17இன் பீட்டாவில் இருந்த, பெரிய டேபிளின் துண்டுகளான பார்ட்டிஷன்களைப் பிரிக்கும், சேர்க்கும் கட்டளைகளும் ஆகஸ்டில் வெளியே போயின. சேர்த்தவர்களே எடுக்கிறார்கள், எழுதியவர்கள் முறைத்துக்கொண்டு போய்விடாமல் மறுபடி எழுதுகிறார்கள். நான் இந்த டேட்டாபேஸை நம்புவதற்கு வேகமோ, இலவசம் என்பதோ பெரிய காரணம் இல்லை. இதுதான் காரணம்.

சரி, 18இல் மற்றவை.

எல்லோரும் பேசுவது அசிங்க்ரனஸ் ஐஓ பற்றி. டிஸ்கில் இருந்து படிக்கும் வேலையைக் காத்திருக்காமல் வரிசையாக அனுப்பிவிடும் ஏற்பாடு. பெரிய கிளவுட் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு நிஜமாகவே பெரிய சமாச்சாரம். எங்கள் டேட்டாபேஸ் மொத்தமும் மெஷினின் ராம் மெமரியிலேயே அடங்கிவிடும், எனக்கு அதனால் ஒன்றும் ஆகப் போவதில்லை. வெளிக் கணக்கு வழியாக நுழையும் ஓஆத் லாகின் வந்திருக்கிறது, கொட்டகையில் இரண்டே பேர் லாகின் செய்கிறோம். ஸ்கிப் ஸ்கேன் மட்டும் உண்மையில் உதவும். ரகம், தேதி என்ற வரிசையில் ஒரு இண்டெக்ஸ், அதாவது தேடலுக்கான அட்டவணை, இருக்கிறது. ரகத்தைச் சொல்லாமல் தேதியை மட்டும் கேட்டால் முன்பு அந்த இண்டெக்ஸ் பெரும்பாலும் சும்மா கிடக்கும். 18 ஒவ்வொரு ரகமாகத் தாவித் தாவித் தேடிவிடுகிறது. ரகங்கள் கைவிரல்களுக்குள் அடங்கும் எங்களுக்கு அது சரியாகப் பொருந்துகிறது.

செக்சம் பற்றி ஒரு வார்த்தை. 18இல் புதுசாக ஒரு கிளஸ்டர் (ஒரு சர்வரின் டேட்டாபேஸ் தொகுப்பு) உருவாக்கினால் டேட்டா செக்சம், அதாவது தரவு கெடவில்லை என்று சரிபார்க்கும் எண், தானாகவே இயங்கும். உப்புக் காற்றில் மெஷின் வைத்திருக்கும் யாரும் இதைத் தள்ளிவிட முடியாது. எங்கள் கொட்டகையில் ஸ்க்ரூ ஆறு மாதத்தில் துருப்பிடித்துப் பொடியாகும், மதர்போர்டு ஓரத்தில் பச்சை பூக்கும். டிஸ்க் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பக்கத்தைத் தப்பாகத் திருப்பிக் கொடுத்தால், செக்சம் இருந்தால்தான் அது தப்பு என்றே தெரியும். பழைய கிளஸ்டரில் செக்சம் இல்லாவிட்டால், பதிப்பு மாற்றும் கருவியான பிஜி-அப்கிரேடு இரண்டும் பொருந்தவில்லை என்று நின்றுவிடும். சர்வரை நிறுத்திவிட்டு பிஜி-செக்சம்ஸ் கருவியால் பழையதில் முதலில் போட்டுக்கொள்ளலாம். தடைக்காலத்தில் முதல் வேலை அதுதான்.

இன்னொரு நிம்மதி, பிஜி-அப்கிரேடு இனிமேல், தேடும் வழியைத் தேர்ந்தெடுக்கும் ஆப்டிமைசரின் புள்ளிவிவரங்களையும் கூடவே எடுத்துவரும். இதுவரை மேஜர் பதிப்பு மாறினால் அந்தக் கணக்கெல்லாம் அழிந்து, அதை மறுபடி எடுக்கும் அனலைஸ் ஓடி முடிகிற வரைக்கும் சாதாரணக் கேள்விக்குக்கூட டேட்டாபேஸ் திணறும். எக்ஸ்டென்டட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் உருவாக்கி வைத்திருப்பவர்கள் மட்டும் கவனிக்கவும், அவை இன்னும் வருவதில்லை.

இனி தமிழ். இதை யாரும் எழுதுவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

எங்கள் படகுக்காரர் பட்டியலை சாதாரணமாக வரிசைப்படுத்தினால் களஞ்சியத்துக்குப் பிறகுதான் கவிதா வருவார். தமிழ் அகராதி வரிசையில் வ, ழ, ள, ற, ன என்றுதான் போகும், ஆகவே கவிதாதான் முதலில். யூனிகோடு எண்ணில் ளவும் ழவும் வவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கின்றன, ன நவுக்கு அடுத்தே நிற்கிறது. ஜ சவுக்குப் பக்கத்தில். இந்தக் கரையில் ஜோசப்பும் ஜெயமேரியும் தெருவுக்கு நாலு பேர். எண் வரிசையில் அவர்கள் செல்வத்துக்கும் தாசனுக்கும் நடுவில் வருவார்கள், அகராதியில் தமிழ் எழுத்தெல்லாம் முடிந்த பிறகு. "ஜோசப்ப எங்கத்தா காணோம்?" என்று பட்டியலின் கடைசியைப் பார்த்துக்கொண்டு அண்ணன் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

2017இல் வந்த 10இல் இருந்தே ஐசியூ என்ற யூனிகோடு நூலகத்தின் கொலேஷன், அதாவது எழுத்து வரிசை விதி, இருக்கிறது. தமிழுக்கானதன் பெயர் 'டா-எக்ஸ்-ஐசியூ'. பெயர் நெடுவரிசைக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டால் போதும், எழுத்து வரிசை அகராதிப்படி வந்துவிடும். 15 முதல் டேட்டாபேஸ் முழுக்கவும் ஐசியூ வைக்கலாம். நான் வைக்கவில்லை, காரணம் இருக்கிறது. 17இல் பில்டின் என்று ஒரு கொலேஷன் முறை வந்தது, 18இல் அது இன்னும் விரிந்தது. அது எண் வரிசைதான், ஆனால் வேகமானது, ஆபரேட்டிங் சிஸ்டம் மாறினாலும் மாறாது. 18இல் அதற்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாற்றும் விதிகளைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள். நமக்கேது பெரிய எழுத்து, சின்ன எழுத்து! எனவே என் ஏற்பாடு இது: டேட்டாபேஸ் பில்டினில் ஓடட்டும், மனிதர்கள் கண்ணால் பார்க்கும் பட்டியலுக்கு மட்டும் தமிழ் ஐசியூ.

வரிசை மாறினால் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு 2018இல் வந்த, லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.28தான் பதில். அந்தப் பதிப்பில் எழுத்து வரிசை விதிகள் பெரிய அளவில் மாறின. டெபியன் லினக்ஸ் 9இல் இருந்து 10க்குப் போனவர்களின் டேட்டாபேஸில், பழைய வரிசைப்படி கட்டிய இண்டெக்ஸ்கள் புது வரிசைக்குப் பொருந்தாமல் போயின. பிழைச் செய்தி கிடையாது. இருக்கிற பெயரைத் தேடினால் இல்லை என்று சொல்லும், தனித்துவம் காக்க வேண்டிய இண்டெக்ஸ் ஒரே பெயரை இரண்டு முறை உள்ளே விடும். இப்போது கொலேஷன் பதிப்பு மாறினால் போஸ்ட்கிரெஸ் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையைப் பார்த்தால் ரீஇண்டெக்ஸ் செய்யாமல் தூங்கப் போகாதீர்கள். இதோடு இன்னொன்று: 2019இல் வந்த 12 முதல் முழுஉரைத் தேடலில் தமிழுக்கு ஸ்டெம்மர் இருக்கிறது, சொல்லின் விகுதியை வெட்டித் தேடும். பலருக்கு இது இருப்பதே தெரியாது.

"இத யாரு செய்யுறா, எந்தக் கம்பெனி?" என்று மாமா ஒருநாள் கேட்டார். 1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கியது, 1996 முதல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற பெயர், ஒரு கம்பெனியும் முதலாளி இல்லை என்றேன். "முதலாளி இல்லாம எப்படி ஓடுது?" என்றார். சம்பளம் கொடுக்கும் கம்பெனிகள் பல, ஆனால் கோட் வரிகளைச் சேர்க்கும் உரிமை கமிட்டர்களிடம். அவர்களில் நம் நாட்டைச் சேர்ந்த அமித் கபிலா உண்டு, மாற்றங்களை இன்னொரு டேட்டாபேஸுக்கு அனுப்பும் லாஜிகல் ரெப்ளிகேஷனில் அவர் கை பெரியது. 2008இல் 8.3இல் வந்த ஹாட் அப்டேட் பவன் தேவலசி எழுதியது. இண்டெக்ஸில் இல்லாத நெடுவரிசையை மாற்றினால், அந்த வரி இருக்கும் அதே டிஸ்க் பக்கத்தில் இடம் இருக்கிறவரை இண்டெக்ஸைத் தொடாமலே வேலையை முடிக்கும் உத்தி. ஒரு பெட்டியின் எடையை ஐஸ் வடிந்த பிறகு திருத்தும் ஒவ்வொரு முறையும் எங்கள் மெஷினில் அதுதான் நடக்கிறது. மாமாவுக்கு நான் சொன்னது இன்னொரு கமிட்டரான ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் கதை. 2024 மார்ச்சில் போஸ்ட்கிரெஸ் வேகத்தை அளந்துகொண்டிருந்தவர், தூரத்து மெஷினுக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை வினாடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டிப்போய், கோப்பைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற நூலகத்துக்குள் யாரோ ஒளித்துவைத்த பின்வாசலைக் கண்டுபிடித்தார். "அரை வினாடிக்கா அம்புட்டு தூரம் போனான்?" என்று கேட்டுவிட்டு, "நம்ம தராச பாக்கவும் அப்படி ஒரு ஆள் வேணும்" என்றார்.

பெங்களூரில் வருடாவருடம் போஸ்ட்கிரெஸ் மாநாடு நடக்கிறது. போக ஆசைதான், சீசன் நேரத்தில் வைத்துவிடுகிறார்கள். எனக்கு முடிந்தது பீட்டா. மே மாதம் அது வரும்போது கொட்டகை காலி, மெஷினும் நானும் சும்மா. உங்களிடமும் தமிழில் பெயர், ஊர், சரக்கு என்று தரவு இருந்தால், ஒரு பழைய லேப்டாப்பில் பீட்டாவைப் போட்டு முழுசாக ஏற்றிப் பாருங்கள். தினமும் கேட்கும் அதே கேள்விகளைக் கேளுங்கள், இண்டெக்ஸோடும் இண்டெக்ஸ் இல்லாமலும், இரண்டு விடையும் ஒன்றா என்று பாருங்கள். பிழை தட்டுப்பட்டால், அதை மறுபடி வரவைக்கிற மிகச் சின்ன உதாரணமாகக் குறைத்து அனுப்புங்கள். ஆட்களின் நிஜப் பெயரையும் போன் நம்பரையும் எடுத்துவிடுங்கள், ஆனால் பெயரை ஆங்கில எழுத்துக்கு மாற்றிவிடாதீர்கள். களஞ்சியத்தை எடுத்துவிட்டு இன்னொரு ள உள்ள பெயரைப் போடுங்கள், பிழை அந்த ளவில்கூட இருக்கலாம்.